ஆடு வாங்குமுன் கேட்க வேண்டியவை



தீபாவளி நெருங்கும் காலத்தில் நம் தோட்டங்களுக்குள் ஆட்டு லாரிகள் வரத் தொடங்கிவிடும். லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "ஊசி போடாத ஆடு, மருந்தே காணாத ஆடு" என்று கூவி விற்பார்கள். அண்மைக் காலமாக "ஆர்கானிக் ஆடு" என்ற பேரும் சேர்ந்துகொண்டது. அந்தப் பேருக்காக விலையும் ஏறிவிட்டது. அந்தப் பேருக்கு என்ன பொருள், அதை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

என்னிடம் படிக்கும் ஒரு மாணவியின் தாயார், சீட்டெடுத்த பணத்தில் இப்படி மூன்று பெட்டையாடுகளை வாங்கினார். மூன்றாவது வாரத்துக்குள் இரண்டு ஆடுகள் செத்துவிட்டன. கால்நடை இலாகா ஊழியர் வந்து பார்த்தார். ஆட்டின் வயிறு முழுக்க இரத்தம் உறிஞ்சும் புழுக்கள். "மருந்தே காணாத ஆடு" என்று வியாபாரி சொன்னது பொய்யல்ல. புழு மருந்தைக்கூட அவை கண்டதில்லை! அந்தக் குடும்பம் ஏமாந்தது ஆட்டில் அல்ல, சொல்லில்.

அப்படியானால் ஆர்கானிக் கால்நடை என்பது என்ன? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் என்ற உணவுத் தர அமைப்பு, ஆர்கானிக் உணவுக்கான வழிகாட்டி விதிகளை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டது. கால்நடைக்குரிய பகுதி 2001இல் அதில் சேர்க்கப்பட்டது. அந்த விதிகள் ஆட்டின் அழகைப் பார்ப்பதில்லை. அது வளர்ந்த வரலாற்றைக் கேட்கின்றன.

முதலாவது, தீனி. இரசாயன உரமும் களைக்கொல்லியும் படாத நிலத்தில் விளைந்த புல்லும் தழையும் தானியமுமே அதற்குத் தீனியாக இருக்க வேண்டும். இரண்டாவது, காலம். சாதாரணமாக வளர்ந்த ஆட்டைத் தொடக்கத்தில் வாங்கி வந்து, ஆறு மாதமாவது இந்த முறையில் வளர்த்த பிறகே அதன் இறைச்சியை ஆர்கானிக் என்று விற்கலாம். மாட்டுக்குப் பன்னிரண்டு மாதம். அதுவும் அதன் ஆயுளில் முக்கால் பங்காவது இந்த முறையில் கழிந்திருக்க வேண்டும். மூன்றாவது, மருந்து. நோய் இல்லாதபோது வழக்கமாக மருந்து கலந்து கொடுக்கக் கூடாது. ஆனால் நோய் வந்துவிட்டால், வேறு வழியில் தீராதபோது, மருந்து கொடுத்தே ஆக வேண்டும். அதனால் ஆர்கானிக் என்ற தகுதி போனாலும் சரி, வாயில்லாப் பிராணியைத் துன்புற விடக் கூடாது என்று அந்த விதி தெளிவாகச் சொல்கிறது. ஆகவே "மருந்தே காணாத ஆடு" என்பது தகுதியல்ல. பல வேளைகளில் அது கவனிப்பாரற்ற ஆடு என்றே பொருள்.

நேயர்களே, இந்த அளவுகோலை நம் வீட்டு ஆட்டுக்கும் வைத்துப் பார்ப்போம். பேராக்கில் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. நம் ஆடுமாடுகள் அந்தச் செம்பனை வரிசைகளுக்கு நடுவில்தான் மேய்கின்றன. அங்கே முதுகில் தோம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடிப்பவர்களும் நம் வீட்டுப் பெண்களே. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இருந்தாலும் கிளைபோசேட் போன்றவை இன்னும் பயன்பாட்டில் உள்ளன. மருந்து அடித்த புல்லை மேய்ந்த ஆடு எவ்வளவு கொழுத்திருந்தாலும் ஆர்கானிக் ஆகாது. மருந்து அடித்த வரிசை எது என்று தெரிந்தவர் நீங்கள். அந்தப் பக்கம் ஆட்டை விடாதீர்கள்; இது காசு செலவில்லாத முதல் பாதுகாப்பு.

இனி, சான்றிதழைப் பற்றிச் சொல்கிறேன். விற்பவர் ஒரு தாளை நீட்டினால் அது எதற்குரிய தாள் என்று படியுங்கள். நம் நாட்டின் எம்.எஸ். 1529 என்ற ஆர்கானிக் தரநிலை, தாவர உணவுகளுக்காக எழுதப்பட்டது. விவசாய இலாகா காய்கறி, பழத் தோட்டங்களுக்குக் கொடுக்கும் மைஆர்கானிக் சான்றிதழ் அந்த வழியில் வந்தது. ஒருவருடைய கீரைப் பாத்திக்குக் கிடைத்த சான்றிதழ் அவருடைய ஆட்டுக்குச் செல்லாது. கால்நடைப் பண்ணைகளுக்கு நாம் அதிகம் காணக்கூடியது மைகேப் சான்றிதழ். இது 2013இல் வந்தது. கால்நடைக்குரியதைக் கால்நடைச் சேவை இலாகா வழங்குகிறது. பண்ணையின் சுத்தம், நோய்த் தடுப்பு, மருந்துக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்துத் தருவது அது. ஆர்கானிக் சான்றிதழ் அது அல்ல. ஆனாலும் நல்ல பண்ணை என்பதற்கு நம்பத்தக்க அடையாளம். பேரை மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்குவதைவிட, இந்தத் தாள் உள்ள பண்ணையைத் தேடிப் போய் வாங்குவது மேல்.

ஆடு எங்கிருந்து வந்தது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? அதற்குரிய பாடம் நம் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். இதற்கிடையில் இங்கிருந்து பன்றிகள் விற்கப்பட்டு, லாரியில் நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் அதே லாரியில் போனது. 1999 மார்ச்சில்தான் அது புதிய கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. அதுவே நிப்பா. நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்த பிராணிகளும் அந்த லாரிகளில் இருந்திருக்கும். வந்த இடம் தெரியாத பிராணியோடு என்ன வருகிறது என்பதும் தெரியாது.

ஆட்டிலும் அப்படி ஒரு நோய் உண்டு. அதன் பெயர் புரூசெல்லா. சினையாடு குட்டியை வீசிவிடும். பச்சைப்பால் வழியாகவும், வீசிய குட்டியை வெறுங்கையால் தொடுவதாலும் அது மனிதனுக்கு வரும். விடாத காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் வாட்டும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்தவர்கள் உள்ளிட்ட 79 பேருக்கு இந்த நோய் கண்டது. "இயற்கைப் பால், பச்சையாகக் குடித்தால்தான் சத்து" என்ற நம்பிக்கையின் விலை அது. எந்த ஆட்டின் பாலானாலும், எந்தச் சான்றிதழ் இருந்தாலும், பொங்கக் காய்ச்சியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

இனி, வாங்கப் போகும் நாளில் செய்ய வேண்டியவை. கூடுமானால் ஆடு வளரும் கொட்டகைக்கே போய்ப் பாருங்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள். செக்கச்சிவந்திருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் புழு இரத்தத்தைக் குடித்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். மூக்கு ஒழுகுகிறதா, பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா என்று கவனியுங்கள். கீழ்த்தாடைப் பல்லைப் பாருங்கள். முன்னால் இரண்டு பெரிய பற்கள் இருந்தால் வயது ஒன்றுக்கு மேல். நான்கு இருந்தால் ஏறக்குறைய இரண்டு. பெட்டையானால் மடியைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கே பிறந்தது? என்ன தின்றது? கடைசியாக எந்த மருந்து, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? புரூசெல்லா சோதனை செய்த தாள் இருக்கிறதா? வேறு மாநிலத்திலிருந்து ஏற்றி வந்தது என்றால் கால்நடைச் சேவை இலாகாவின் பெர்மிட்டையும் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். இரத்தத்தைச் சோதிக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நம் ஈப்போவிலேயே இருக்கிறது.

வாங்கி வந்த ஆட்டை உடனே மற்ற ஆடுகளோடு சேர்க்காதீர்கள். முப்பது நாள் தனியே கட்டி, தனிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கவனித்த பிறகே சேருங்கள்.

நான் முதலில் சொன்ன தாயாரிடம் எஞ்சிய ஒரே ஆடு மருந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டது, குட்டியும் ஈன்றது. அந்த மாணவி ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, குட்டி பிறந்த நாள், மேய்ந்த இடம், புழு மருந்து கொடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதி வருகிறாள். அந்த ஆட்டுக்கு ஆர்கானிக் என்று பெயர் இல்லை. அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் நாளைக்கு யாராவது வாங்க வந்து அந்த நான்கு கேள்விகளைக் கேட்டால், நான்குக்கும் நோட்டில் பதில் இருக்கும். உங்கள் வீட்டிலும் எழுதத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. இன்றே ஒரு நோட்டைக் கொடுத்துத் தொடங்கி வையுங்கள்.