ஒரு சொல், நான்கு வேலை



என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோம். கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக்கொண்டு, கதவை உடைக்கிறேன், பாலத்தைத் தாண்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவுசெய்யும்.

அவளுடைய பாத்திரம் ஒரு மந்திரவாதி. பல நாள் ஆடி, மூன்றாம் லெவலுக்கு வந்து சேர்ந்தாள். உடனே விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் இருக்கிறது. மூன்றாம் லெவல் மந்திரம் என்று போட்டிருக்கிறது. "மாமா, நான் ஃபயர்பால் போடுறேன்" என்றாள் முகம் மலர. "இல்லம்மா, அதுக்கு நீ அஞ்சாவது லெவலுக்கு வரணும்" என்றேன்.

"நானும் மூணு, அதுவும் மூணு. அப்புறம் ஏன் முடியாது?"

நியாயமான கேள்வி. பாத்திரத்தின் வளர்ச்சிக்கு இருபது லெவல். மந்திரங்களின் கடுமைக்கு ஒன்பது லெவல். இரண்டும் வேறு வேறு ஏணிகள். முதல் லெவல் மந்திரவாதிக்கு முதல் லெவல் மந்திரம், மூன்றாம் லெவலில் இரண்டாவது, ஐந்தாம் லெவலில்தான் மூன்றாவது. இதைப் பழகியவர்கள் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் புதிதாக வந்த பிள்ளை, அச்சில் இருக்கும் சொல்லை நம்பித்தானே கேட்கிறாள்? அவள் தப்பாக எதையும் படிக்கவில்லை.

இந்தச் சிக்கல் ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய ஆட்டம் இது. 1974இல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. வீரனின் வளர்ச்சிக்கு லெவல் என்றார்கள். மந்திரத்தின் கடுமைக்கும் லெவல். அரக்கனின் பலத்துக்கும் லெவல். வீரர்கள் இறங்கிப்போகும் பாதாள அறைகளின் அடுக்குக்கும் அதே லெவல்தான். ஆக, ஐந்தாம் லெவல் வீரன் மூன்றாம் லெவலில் நின்றுகொண்டு, நான்காம் லெவல் அரக்கன்மேல் இரண்டாம் லெவல் மந்திரத்தை ஏவினான் என்பது விதிப்படி சரியான வாக்கியம்.

கைகாக்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் நூலில் அவரே இதைப் பேசுகிறார். வீரனுக்கு ரேங்க், மந்திரத்துக்குப் பவர், அரக்கனுக்கு ஆர்டர் என்று தனித்தனிப் பெயர் வைக்க முதலில் எண்ணியதாக எழுதுகிறார். பிறகு, ஏற்கெனவே எல்லோருக்கும் பழகிவிட்டது என்பதற்காக லெவலையே நான்கு இடத்திலும் வைத்துக்கொண்டார். மருந்து கையில் இருந்தது, அவர் கொடுக்கவில்லை. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஒரு முடிவு பிழை என்றே நினைக்கிறேன். அன்றைக்கு ஆட்டத்தின் வயது நான்கு. அந்த நான்கு வருடப் பழக்கத்தைக் காப்பாற்றப் போய், பின்னால் வந்த தலைமுறைகள் எல்லாம் என் அக்கா மகள் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். ஆர்மர் கிளாஸ், அதாவது கவசத்தின் தரம். கடற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து இதை எடுத்ததாக ஆர்னசன் சொல்லியிருக்கிறார். முதல் வகுப்புப் பெட்டி இரண்டாம் வகுப்பைவிட உயர்வு என்பதுபோல, அப்போது இங்கும் எண் குறையக் குறையக் கவசம் உறுதியாக இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழேயும் போனது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், எதிரியை வெட்ட, உங்கள் தாக்கும் திறனைக் காட்டும் தாக்கோ என்ற எண்ணிலிருந்து அவனுடைய கவச எண்ணைக் கழிக்க வேண்டியிருந்தது. தாக்கோ 18, கவசம் 4 என்றால், இருபது முகப் பகடையில் 14 விழவேண்டும். கவசம் மைனஸ் 2 என்றால், கழித்தலுக்குள் கழித்தல் வந்து, 20 விழவேண்டும். கணக்கில் சூரர்களும் ஒரு நொடி நிற்பார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாகத் திருப்பியது: எண் பெரிதானால் கவசம் பெரிது, பகடையோடு உங்கள் பலத்தைக் கூட்டுங்கள், எட்டினால் அடி விழுந்தது. ஆட்டத்தின் சுவாரசியம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. பழக்கத்தை மாற்றலாம், யாரும் ஓடிவிடமாட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெயரே ஏமாற்றுவதும் உண்டு. சில்லிட வைக்கும் தொடுகை என்ற பொருளில் சில் டச் என்றொரு மந்திரம் உண்டு. 2014 பதிப்பில் அதை 120 அடி தூரத்திலிருந்து ஏவலாம், தொடவே வேண்டாம். அதன் காயம் குளிரால் வருவதும் இல்லை. பெயரின் இரண்டு சொல்லும் பொய். 2024 பதிப்பில் தொட்டால்தான் பலிக்கும் என்று மாற்றினார்கள். பாதிக் கடன் தீர்ந்தது.

எல்லாத் தெளிவின்மையையும் நான் குறை சொல்லமாட்டேன். ஹிட் பாயின்ட் என்பது உடம்பின் வலு மட்டுமல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்று 1979இலேயே கைகாக்ஸ் விளக்கியிருக்கிறார். அடி வாங்கினானா, மயிரிழையில் தப்பினானா என்பதைக் கதைசொல்பவர் கற்பனைக்கு விடுகிறது அது. அங்கே இடைவெளி வேண்டும். ஆனால் என் முறை எப்போது, எந்த மந்திரம் எனக்கு உண்டு என்ற இடத்தில் சொல் கறாராக இருக்கவேண்டும். பகடை உருட்டப்போகும் பிள்ளைக்கு அதுதான் கைப்பிடி.

பாத்ஃபைண்டர் என்ற உறவுக்கார ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பைத் திருத்தி 2023இல் வெளியிட்டபோது, மந்திரங்களுக்கு லெவல் என்பதை எடுத்துவிட்டு ரேங்க் என்று வைத்தார்கள். கைகாக்ஸ் வீரனுக்கென்று எண்ணிப் பார்த்த அதே சொல், நாற்பத்தைந்து வருடம் கழித்து மந்திரத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2008இல் காலமாகிவிட்டார்.

எங்கள் மேசையில், அக்கா மகள் கேள்வி கேட்ட அன்றைக்கே ஒரு மாற்றம் செய்தோம். பேசுவது தமிழ்தானே? பாதாளத்துக்குத் தளம், மந்திரத்துக்குப் படி, பாத்திரத்துக்கு மட்டும் லெவல். அவளே பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரங்களில் எழுதிவைத்தாள். சில வாரம் கழித்து ஐந்தாம் லெவலுக்கு வந்தாள். "மூணாம் படி மந்திரம், மாமா. இப்ப போடலாம்ல?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், தீப்பந்துக்கு உரிய எட்டுப் பகடைகளையும் இரண்டு கையாலும் அள்ளிக் குலுக்கினாள்.