தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒரு சுவிட்ச்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம் பேசுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். பெரிய விஷயங்களைப் பேசப் பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். நான் ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்கிறேன். டாகிள் சுவிட்ச். அதிலும், மாதிரி ரயிலில் தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டை மாற்றுகிற டாகிள் சுவிட்ச்.

மாதிரி ரயில் விளையாட்டுச் சாமான்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946-ல் மாதிரி ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேலே ரயில் ஓடும். மேசைக்கு அடியிலே டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ரிலேக்களும் சுவிட்சுகளும் ஒயர்களுமாகக் கிடக்கும். அந்த ஒயர்களோடு மல்லுக்கட்டியவர்களில் சிலர்தான் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். 1962-ல் 'ஸ்பேஸ்வார்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கிய ஸ்டீவ் ரஸ்ஸல் அந்தச் சங்கத்துக்காரர்தான்.

நாங்களும் 2010-ல், இறுதி ஆண்டில், துறைக் கண்காட்சிக்காக ஒரு ரயில்வே யார்டு மாதிரி செய்தோம். மூன்று பாயிண்ட்டுகள். பாயிண்ட்டுக்கு இரண்டு சுருள் வீதம் ஆறு சுருள்கள். ஒரு சுருள் இழுத்தால் நேர்வழி, மற்றது இழுத்தால் கிளைவழி. ஆறையும் என் நண்பன் ஒருவன் மூன்று ராத்திரி உட்கார்ந்து கையாலேயே சுற்றினான். சர்க்யூட் வரைந்ததும் சாமான் வாங்கியதும் நான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடை. மூன்று டாகிள் சுவிட்ச் கேட்டேன். கடைக்காரர், "ஆன்-ஆன் வேணுமா, ஸ்பிரிங் ரிட்டனா தம்பி?" என்று கேட்டார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். "எது விலை கம்மியோ அதையே குடுங்கண்ணே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் கவிழ்த்தது. முதல் நாள் இரவு ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்துச் சோதித்தோம். ஆறு சுருளும் 'டக் டக்'கென்று இழுத்தன. மறுநாள் காலையில் சுவிட்சுகளைப் பலகையில் பொருத்தி பேட்டரியைக் கொடுத்தோம். சிறப்பு விருந்தினர் பக்கத்து மேசைக்கு வருவதற்குள் புகை! கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், சுருளின் தடை 6 ஓம். 2 ஆம்பியர் ஓடும், 24 வாட். கால் விநாடி தட்டினால் 6 ஜூல்தான், சுருளுக்கு ஒன்றும் ஆகாது. ஆன்-ஆன் சுவிட்சுக்கோ நடுநிலையே கிடையாது. எந்தப் பக்கம் வைத்தாலும் ஏதோ ஒரு சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு 14,400 ஜூல். ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னைத் தீப்பெட்டி அளவு சுருளுக்குள் செருகி வைத்த மாதிரி!

ஆகவே தம்பிகளே, கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "சுவிட்ச் என்ன விலை" என்பதல்ல. "சுவிட்சின் மறுமுனையில் என்ன இருக்கிறது" என்பதுதான்.

மறுமுனையில் இரட்டைச் சுருள் இருந்தால், விரலை எடுத்ததும் தானாக நடுவுக்குத் திரும்புகிற ஸ்பிரிங் சுவிட்ச் வேண்டும். இருபுறமும் தட்டலாம், நடுவில் ஆஃப். டி.சி.யில் ஓட்டினால் ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஒரு டையோடு, திசை பார்த்துப் போடுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும்போது சுருள் எழுப்பும் பொறி சுவிட்ச் முனைகளைத் தின்றுவிடும்.

டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவாக நகரும் மோட்டார் என்றால் கதையே வேறு. அது கடைசிவரை போய் முட்டி நின்ற பிறகும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கலாம். சுமார் 15 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு நிலைத்து நிற்கிற சுவிட்சுதான் சரி. ஆனால் மின்னோட்டத்தின் திசையை மாற்ற வேண்டும். ஆகவே ஆறு கால் உள்ள டி.பி.டி.டி. வாங்கி, வெளிக்கால்களைக் குறுக்காக இணைக்க வேண்டும். எங்கள் மேசையில் கெடுதல் செய்த அதே குணம் இங்கே தேவை. சுவிட்சில் நல்லது கெட்டது என்று தனியாகக் கிடையாது; பொருத்தம்தான் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. உடம்பில் 6 ஆம்பியர் 125 வோல்ட், 3 ஆம்பியர் 250 வோல்ட் என்று போட்டிருந்தால் அது ஏ.சி.க்கான கணக்கு. ஏ.சி. ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைந்துவிடும். டி.சி.யில் அப்படி இல்லை. அதனால் அந்த எண்ணை முழுசாக நம்ப வேண்டாம். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே கால்களைச் சோதியுங்கள். மூன்று கால் சுவிட்சில் பொதுக்கால் நடுவில் இருக்கும். சாதாரண டாகிளில் நெம்பை மேலே தள்ளினால் கீழ்க்கால் இணையும். இதை மறந்தால் பலகையில் எழுதிய பெயரெல்லாம் தலைகீழாகிவிடும். நட்டும் வாஷரும் இருக்கிறதா, கழுத்து நீளம் உங்கள் பலகையின் கனத்துக்குப் போதுமா என்று பாருங்கள். சால்டர் வைக்கும்போது சூட்டை நீட்டினால் பிளாஸ்டிக் இளகிக் கால் ஆடும். ஆகவே இரண்டு சுவிட்ச் கூடுதலாகவே வாங்கிவிடுங்கள்.

வேலைக்குப் போன பிறகு நிஜ ரயில்வே பாயிண்ட் மெஷினின் உள்ளே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பாயிண்ட் முழுதாக நகர்ந்து பூட்டியதும் மோட்டாருக்கான மின்சாரத்தை உள்ளே இருக்கும் தொடர்புகளே துண்டித்துவிடுகின்றன. நாங்கள் விட்ட பாடம் அங்கே இரும்பில் இருந்தது.

கடைசியாக ஒன்று. அன்று புகை வந்தவுடன், "காயில் ஒழுங்கா சுத்தலைடா" என்று எல்லார் முன்னிலும் திட்டு வாங்கியவன் என் நண்பன். மாதிரியை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிரவே விடுதியில் கணக்குப் போட்டுப் பார்த்து, தப்பு சுவிட்சில்தான் என்று தெரிந்துகொண்டேன். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அப்புறம் சொல்ல நேரம் வரவே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், உன் சுருள் ஆறும் சரியாத்தான் இருந்தது. சுவிட்ச் தப்பு. வாங்கினவன் நான். அன்றைக்கு உன்னைத் திட்டியவர்கள் காது கேட்கவே இதைச் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

மாணவச் செல்வங்களே, கடைக்காரர் கேட்கும்போது "எனக்குத் தெரியலை, சொல்லிக் கொடுங்கண்ணே" என்று கேட்டுவிடுங்கள். ஒரு நிமிஷ வெட்கம்தான். கேட்காமல் விட்டதை நான் இத்தனை வருஷம் சுமந்தேன்.