சோத்தை எடுத்து வைக்காதீங்க: நாலு பேர், ஒரு ஞாயிறு, ஒரு வாரச் சாப்பாடு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

போன எபிசோட்ல "நாங்க நாலு பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை ஒரு வாரத்துக்குச் சமைக்கிறோம்"னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. மெனு அனுப்பு, டப்பா எங்க வாங்கின, எவ்வளவு மிச்சமாகுதுன்னு. எல்லாம் சொல்றேன். ஆனா இது முதல் வாரமே சொதப்பின கதை. ரெண்டாவது மாசம் கிட்டத்தட்ட நட்பே உடையப் பார்த்த கதை. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நாங்க நாலு பேரும் தஞ்சாவூர்ல வீட்ல இருந்தே வேலை பார்க்கிறவங்க. மூணு பையன், ஒரு பொண்ணு. ஒரே காலேஜ். ஆளுக்கு மாசம் எட்டாயிரம், ஒன்பதாயிரம்னு வெளிச் சாப்பாட்டுக்கே போயிட்டிருந்துச்சு. ஸ்டாண்ட்அப் கால் பன்னெண்டரைக்கு முடியும், ஆர்டர் போட்டா ஒண்ணேகாலுக்கு வரும், ஒன்றரைக்கு அடுத்த கால். பரோட்டாவை மியூட்ல போட்டு மென்னுக்கிட்டு இருந்தோம். அப்ப யூடியூப்ல இந்த 'மீல் ப்ரெப்' வீடியோ எல்லாம் பார்த்தோம். அமெரிக்காவுல ஒருத்தர் அஞ்சு டப்பாவை வரிசையா வெச்சு, அஞ்சுலயும் ஒரே அளவு சோறு, ஒரே அளவு சிக்கன், ஒரே அளவு ப்ரோக்கோலி. பார்க்கவே கோடு எழுதின மாதிரி சுத்தமா இருந்துச்சு. நம்மாலயும் முடியும்னு இறங்கினோம்.

முதல் ஞாயிறு, காமராஜர் மார்க்கெட்ல காய் வாங்கி, சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் பண்ணி, ரெண்டு கிலோ அரிசியும் வடிச்சோம். பெரிய அண்டா நிறைய சோறு. சூடா ஃப்ரிட்ஜ்ல வைக்கக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. சரி ஆறட்டும்னு மூடி போட்டு வெச்சுட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தோம். படம் முடிஞ்சு தூங்கிட்டோம். காலையில எழுந்து டப்பாவுல அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சோம். மத்தியானம் ஒருத்தன் அதை மைக்ரோவேவ்ல நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டான். மூணு மணிக்கு வாந்தி ஆரம்பிச்சது. ஆறு மணிக்கு ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சோறு எப்ப வடிச்சது?"

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா. ஜோக் இல்லைங்க, பேரே அதுதான். லத்தீன்ல மெழுகு மாதிரின்னு அர்த்தமாம். இது மண்ணுல இருக்கும், அதனால அரிசியிலயும் இருக்கும். இதோட வித்துகள் கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. சோறு வெந்து, சூடு 60 டிகிரிக்குக் கீழ இறங்கினதும் வித்து முளைச்சுப் பெருக ஆரம்பிக்கும். பெருகும்போது ஒரு நஞ்சை விடுது. அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. இதுதான் எங்களுக்குத் தெரியாத விஷயம். 'நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது'ன்னு நம்பிட்டு இருந்தோம். 1970களோட தொடக்கத்துல பிரிட்டன்ல சைனீஸ் ரெஸ்டாரண்ட் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவங்களுக்கு வரிசையா வாந்தி வந்து, அப்பதான் இது பெரிசாத் தெரிய வந்துச்சு. அங்கேயும் இதே கதைதான். மொத்தமா வடிச்சு, வெளியிலயே வெச்சு, வேணுங்கிறப்ப எடுத்து வறுத்திருக்காங்க.

எங்க அண்டா இருக்கே, அது இந்தக் கிருமிக்கு ஏசி ரூம். மேல ஆறியிருக்கும், நடுவுல விடியவிடிய வெதுவெதுப்பு. லேப்ல யாரும் சோதிச்சுப் பார்க்கல, அதனால சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எல்லாம் அச்சு அசலாப் பொருந்துது.

மறுநாள் அவனோட அம்மா வந்தாங்க. திருவையாறு பக்கம் ஊர். பையனைப் பார்த்துட்டு, எங்க ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாங்க. பத்து டப்பா சோறு. திட்டுவாங்கன்னு நினைச்சேன். சிரிச்சாங்க. "ஏம்ப்பா, யாராவது சோத்தை எடுத்து வைப்பாங்களா? குழம்பைத்தான் எடுத்து வைக்கணும். சோறு அன்னன்னிக்கு அரை மணி நேர வேலை."

இந்த ஒரு வரியில எங்க டிசைனே மாறிடுச்சு. நெல்லு விளையுற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு ப்ரோக்கோலி டப்பாவைக் காப்பி அடிச்சிருக்கோம். காவிரி டெல்டாவுல மொத்தமாச் சமைச்சு வைக்கிற பழக்கம் இல்லாமயா இருக்கு? அதோட அளவுதான் வேற. நாம ஒரு வாரம்னு யோசிக்கிறோம், அவங்க ஒரு வருஷம்னு யோசிக்கிறாங்க. சித்திரை வெயில்ல மாடியில தாளிப்பு வடகம் போடுவாங்க. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள் கணக்கா காய வைப்பாங்க. தஞ்சாவூர்க் குடமிளகாயை மோர்ல ஊறவெச்சு ஊறவெச்சுக் காயப்போடுவாங்க. சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், கூழ் வடகம். இதையெல்லாம் யாரும் தனியா உட்கார்ந்து பண்றதில்லை. பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டு அக்கா எல்லாரும் வருவாங்க. 'நண்பர்கள் சேர்ந்து சமைக்கிறது'ங்கறது அங்க ஏற்கனவே இருக்கு, பேருதான் வைக்கல.

ஏன் கெடாம இருக்குன்னு பார்த்தா மூணு விஷயம்தான்: புளிப்பு, உப்பு, ஈரம் இல்லாமை. கிருமி வளர தண்ணி வேணும், புளிப்பு அதிகமானா பிடிக்காது, உப்பு இருந்தா இன்னும் கஷ்டம். புளிக்காய்ச்சல் இந்த மூணையும் ஒரே சட்டியில முடிச்சிடுது. நாங்க இப்ப பண்ற அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. பழைய புளி கால் கிலோ, கெட்டியாக் கரைச்சது. நல்லெண்ணெய் 200 மில்லி, குறைக்காதீங்க. காய்ஞ்ச மிளகாய் இருபது இருபத்தஞ்சு, கடுகு, கடலைப் பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், பெருங்காயம், கல்லுப்பு. புளித்தண்ணி பச்சை வாசனை போய், வத்தி, எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கணும். அதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சா அது வெறும் புளிக்குழம்பு, மூணு நாள்தான் தாங்கும். கடைசியில வறுத்த வெந்தயப் பொடி, ஒரு துண்டு வெல்லம். வேர்க்கடலையை மட்டும் அதுல போடாதீங்க, நமுத்துடும். கலக்கும்போது போடுங்க. ஈரக் கரண்டி உள்ள போகவே கூடாது. எங்க வீட்ல இதுக்கு அபராதம் ஐம்பது ரூபாய்.

இப்ப எங்க வாரம் இப்படி. ஞாயிறு காலையில புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, ஒரு வத்தக்குழம்பு, ரெண்டு படி இட்லி மாவு. புதன் சாயங்காலம் முக்கால் மணி நேரம் சாம்பாரோ கூட்டோ. தேங்காய் அரைச்சு விட்டது, பருப்பு போட்டது எல்லாம் ஃப்ரிட்ஜ்லயே மூணு நாள்தான், அதுக்கு மேல நம்பாதீங்க. சோறு தினமும் குக்கர்ல. மிஞ்சினா ராத்திரிக்கு ஆறினதும் உடனே தண்ணி ஊத்திடுவோம். விடியுறதுக்குள்ள லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செஞ்சு புளிப்பேறிடும். அதுதான் பழைய சோறு. புழுங்கலரிசியில நல்லா வரும். அண்டாவுல மூடி வெச்ச சோறும், தண்ணி ஊத்தின சோறும் ஒண்ணு இல்லைங்கறது எனக்கு 28 வயசுல தெரியுது. அதுவும் காலையிலயே சாப்பிட்டு முடிச்சிடணும், பழையதுன்னு பேர் இருக்கறதால நாலு நாள் வைக்கலாம்னு அர்த்தமில்லை.

ஒரு விஷயம் இடையில. இங்க ஈர நெல்லைக் கெடாமக் காப்பாத்துறதுக்குன்னு திருவாரூர்ல தொடங்கின ஆராய்ச்சிதான் பின்னாடி தஞ்சாவூருக்கு வந்து, வளர்ந்து, இன்னைக்கு நிஃப்டெம்ங்கிற தேசிய நிறுவனமா இருக்கு. புதுக்கோட்டை ரோட்டுல பஸ்ல தாண்டிப் போயிருப்பீங்க. உணவைக் கெடாம வைக்கிறது இந்த ஊருக்குப் பொழுதுபோக்கு இல்லை.

எனக்கு அது நேராப் புரிஞ்சது கஜாவுல. 2018 நவம்பர் 16. அப்ப நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னையைச் சாய்ச்சுட்டுப் போச்சு. பல கிராமத்துல வாரக் கணக்கா கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் இருந்த வீட்ல அது வெறும் பீரோ. தெருவுக்குத் தெரு பொதுவா அடுப்பு மூட்டி, விழுந்த மரத்தையே வெறகாக்கிச் சோறு வடிச்சாங்க. தொட்டுக்க? ஒவ்வொரு வீட்ல இருந்தும் ஜாடி வந்துச்சு. ஊறுகாய், வத்தல், மோர்மிளகாய். இன்னைக்கு ஃப்ரீஸர்ல மட்டுமே நம்பி ப்ளான் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு அந்த ஜாடி ஞாபகம்தான் வருது.

சரி, சண்டைக்கு வர்றேன். ரெண்டாவது மாசம். எல்லாம் நல்லாப் போகுதுன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். ஒரு ஞாயிறு என் தோழி கரண்டியை வெச்சுட்டு உட்கார்ந்துட்டா. "நாலு பேரும் சமைக்கிறோம்னு பாட்காஸ்ட்ல சொல்லப் போறியா? சொல்லு. ஆனா காலையில இருந்து 'உப்பு போதுமா', 'இது வெந்துடுச்சா', 'பெருங்காயம் எங்க', 'அடுத்து என்ன', எல்லாக் கேள்வியும் யார்கிட்ட வருது? நீங்க மூணு பேரும் நறுக்குறீங்க. யோசிக்கிறது நான். இது எனக்கு இன்னொரு ஷிஃப்ட்டு."

எனக்குக் கோபம்தான் வந்துச்சு, உண்மையச் சொல்றேன். நான் அஞ்சு கிலோ வெங்காயம் உரிச்சிருக்கேன், கண்ணெல்லாம் எரியுது, எனக்கு இது தேவையான்னு. அவ எழுந்து போயிட்டா. ரெண்டு வாரம் சமையல் இல்லை. குரூப்ல யாரும் பேசல. மறுபடி பரோட்டா, மறுபடி மியூட்.

அந்த ரெண்டு வாரத்துல நான் தனியா சமைச்சுப் பார்த்தேன். கை வேலை ஒண்ணும் பெரிசு இல்லை. வெந்தயம் தீர்ந்துடுச்சுன்னு வெள்ளிக்கிழமையே கவனிக்கணும், புளியை முதல்லயே ஊறப்போடணும், எது முதல்ல கெடும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கணும். அது முழு நேர வேலை. எங்க அம்மாகிட்ட போன் பண்ணி ஒண்ணு கேட்டேன், "நான் சென்னையில இருந்தப்ப மாசா மாசம் பஸ்ல பொடி, தொக்கெல்லாம் கொடுத்து விடுவியே, அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" அம்மா யோசிச்சுட்டு, "அதெல்லாம் யாருடா கணக்கு வெச்சா"ன்னாங்க. அப்ப நான் அனுப்பின ரிப்ளை ஞாபகம் இருக்கு. "காரம் கொஞ்சம் ஜாஸ்தி."

அவகிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். அவ மன்னிப்பெல்லாம் வேண்டாம், ரோஸ்டர் போடுன்னா. ஆபீஸ்ல ஆன்கால் ரொட்டேஷன் இருக்குல்ல, அதே மாதிரி. வாரத்துக்கு ஒருத்தர் பொறுப்பு. மெனு, சாமான் லிஸ்ட், எது எப்ப அடுப்புல ஏறும், உப்பு, எல்லாமே அவர் தலை. மத்தவங்க சொன்னதைச் செய்யணும். பொறுப்பா இருக்கிறவர் அவகிட்ட கேள்வி கேட்கக்கூடாது, ஒண்ணு கூட. முதல் வாரம் என் முறையில வத்தக்குழம்புல உப்பு ரெண்டு தடவை விழுந்துடுச்சு. அவ பார்த்துட்டே இருந்தா, வாயைத் திறக்கல. அந்த வாரம் முழுக்க நாலு பேரும் அதையேதான் தண்ணி மாதிரி மோர் ஊத்திச் சாப்பிட்டோம்.

செலவு கேட்டிருந்தீங்க. ஆளுக்கு இப்ப மாசம் மூவாயிரத்து ஐநூறுல முடியுது, கேஸ் சேர்த்து. டப்பா கீழவாசல்ல வாங்கின எவர்சில்வர், புளிக்காய்ச்சலுக்கு மட்டும் கண்ணாடி ஜாடி.

இந்த ஞாயிறு அன்னைக்கு ட்ரிப்ஸ் ஏறினவனோட முறை. சித்திரை வந்ததும் அவங்க அம்மா மாடியில வடகம் போடும்போது நாங்க நாலு பேரும் வந்து வெங்காயம் உரிக்கிறோம்னு சொல்லியிருக்கோம். "வாங்க வாங்க"ன்னாங்க. நம்பின மாதிரி தெரியல. காலையில ஆறு மணிக்கு வரணுமாம், லீவு இப்பவே போட்டாச்சு.