அந்த நூலில் அவளுக்குப் பெயர் இல்லை



இலக்கியம் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் வெள்ளவத்தையில் நடந்த ஒரு குற்றத்தைப் பேசப்போகிறேன். செய்தவர் கவிஞர்.

1929இல் பாப்லோ நெருடா சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்தார். இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு வீடு. பின்னால் வாளிக் கக்கூசு. ஒவ்வொரு நாளும் வாளி எப்படிச் சுத்தமாகிறது என்பது அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் விடியலில் விழித்திருந்து பார்த்தார். சேலை உடுத்த தமிழ்ப் பெண்ணொருத்தி பின்பக்கத்தால் வந்தாள், வாளியைத் தலையில் வைத்தாள், போய்விட்டாள். கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. அவள் வரும் வழியில் பட்டும் பழமும் வைத்தார், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு காலை கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. எல்லாம் முடியும்வரை அவள் கண்ணைத் திறந்தபடி, அசையாமல் கிடந்தாளாம். அவள் தன்னை இகழ்ந்தது சரிதான் என்று அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அத்தோடு அவள் கதை முடிந்துவிடுகிறது, நூல் தன்பாட்டில் நடக்கிறது.

1971இல் நோபல் பரிசு பெற்று, 1973இல் இறந்தவர் அவர். அந்த நினைவுக்குறிப்பு நூல் 1974இல்தான் வெளிவந்தது. குற்றத்தை எழுதிவைத்தவர் அவரே, ஆகவே பழி சுமத்தியவர் யார், உண்மையா பொய்யா என்ற வழக்கமான இழுபறிக்கு இங்கே வேலையில்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முயன்றபோது சிலி நாட்டுப் பெண்கள் எதிர்த்தார்கள், பெயர் மாறவில்லை. 2021இல் இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம இதை வைத்து ‘அல்பொராடா’ என்று படமே எடுத்தார். நம் மேடைகளோ நெருடாவைத் தோழர் என்று முழங்கின, அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போயின. கவிஞர்மேல் கொண்ட பக்தி மட்டும் காரணமாக இருந்திருந்தால் பரவாயில்லை. வாளி தூக்கியவளை நம்மவளாக எண்ணாத சாதி மனமும் அதில் உண்டு என்றுதான் நினைக்கிறேன். புறக்கணிப்பு நமக்குப் புதிதா என்ன? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே நுழைய வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரைத்தானே மறித்து நின்றோம்?

நெருடாவை வாசிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சாட்சியம் குற்றவாளியின் கையெழுத்து. நூலை மூடினால் அவளும் சேர்ந்து மறைந்துபோவாள். ஆனால் வாசிப்பது வேறு, மாலை போடுவது வேறு. மண்டபத்துக்குப் பெயர், விழாவுக்குத் தலைமை, விருது எல்லாம் ஊர் கூடிச் செய்யும் மரியாதை. அதை மறுப்பதால் எந்தக் கவிதையும் அழிந்துவிடாது.

உயிரோடிருப்பவர்கள் விடயம் இன்னும் சிக்கல். 2018 ஒக்டோபரில் பாடகி சின்மயி கவிஞர் வைரமுத்துமீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொன்னார். அவர் மறுத்தார். அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 2021இல் கேரளத்தின் ஓ.என்.வி. இலக்கிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்து, மறுபரிசீலனை என்று விருது அமைப்பு சொன்னதும் அவரே வேண்டாம் என்றார். இதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018 நவம்பரிலேயே, சந்தா கட்டவில்லை என்று காரணம் காட்டி, பின்னணிக் குரல் கலைஞர் சங்கம் சின்மயியை நீக்கியது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வைரமுத்துவின் பாட்டை இனிக் கேட்கலாமா கூடாதா என்று நாம் வீட்டுக்குள் வாதாடிக்கொண்டிருந்தோம். அதற்குள் வாய் திறந்தவருக்கு டப்பிங் வேலை போய்விட்டது. கலைஞரைப் புறக்கணிப்பதா என்று கேட்குமுன், ஏற்கெனவே புறக்கணிக்கப்பட்டுவிட்டவர் யாரென்று பார்க்கவேண்டாமா? புகார் சொன்னவருக்கு மேடையும் கூலியும் தொடர்ந்து கிடைக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. பாட்டுப் பெட்டியை அணைப்பதா என்பது அதற்குப் பிறகு.

உயர்தர வகுப்பு மாணவருக்கு நெருடாவைக் கொடுக்கலாமா என்று இங்குள்ள ஆசிரியர்கள் கேட்டிருந்தீர்கள். கொடுங்கள். காதல் கவிதைகளோடு வெள்ளவத்தைப் பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்று கூச வேண்டாம். இந்த உப்புவெளிக் கடற்கரை விடுதிகளில் விடியலில் அறை துப்புரவாக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளும் அந்த வாங்குகளில்தான் இருக்கிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரமென்றால் கவிதையை அடுத்த தவணைக்குத் தள்ளிவையுங்கள்.