பழைய ரீலோடிங் செட்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

டெக்ஸாஸ்ல இருக்கற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ரேஞ்சுக்குப் போய்ட்டிருக்கேன், தோட்டா செலவு கட்டுப்படியாகல. ஒருத்தர் பழைய ரீலோடிங் செட் விக்கிறார். வாங்கலாமா?"

தெரியாதவங்களுக்காக: சுட்ட பிறகு கீழே விழற பித்தளைக் கூட்டை பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர், வெடிமருந்து, குண்டு வெச்சு மறுபடி தோட்டாவாக்கறதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசு லைசன்ஸ் தேவையில்லை. தொழிலாகச் செய்து விற்கத்தான் வேணும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால ஊர்ல இருந்து கேக்கறவங்க இதை விஷயம் தெரிஞ்சுக்க மட்டும் கேளுங்க.

நான் தம்பிகிட்ட திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "என்ன விசா?"

ஹெச்-1பி-ன்னார். அங்கதான் சிக்கல். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சுல வாடகைத் துப்பாக்கி எடுக்கறதுக்கும் இதே கேள்வி வரும். இன்னொண்ணு, அந்தச் சட்டத்தில் 'தோட்டா'ங்கற சொல்லுக்குள்ள கூடு, ப்ரைமர், குண்டு, மருந்து எல்லாமே அடக்கம். பிரஸ் வெறும் இரும்பு. ஆனா அதோட வர்ற டப்பா அடியில கிடக்கற காலிக் கூடு, சட்டத்தோட கண்ணுக்குத் தோட்டாதான். பத்து வருஷ உழைப்பையும் கிரீன் கார்டையும் அதுக்காகப் பணயம் வைக்காதீங்க. முதல்ல வக்கீலைப் பாருங்க.

சட்டப்படி தடை இல்லாதவங்களுக்கு இப்போ சொல்றேன்.

தைரியமா பழசு வாங்கலாம்னா அது சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும். கத்துக்க அதுதான் நல்லது. வார்ப்பிரும்பு பிரஸ் பல பத்து வருஷம் உழைக்கும். கைப்பிடியை மேலும் கீழும் இழுத்துப் பாருங்க. ராம் பக்கவாட்டில் ஆடுதா, உடம்புல விரிசல் இருக்கான்னு கவனிங்க. மேலாக்க துரு இருந்தா பரவாயில்லை, தேய்ச்சா போயிடும். டைகளில் பெரும்பாலானவை ஒரே மரை அளவில் வருவதால் வேற கம்பெனி பிரஸ்ஸிலும் பொருந்தும். உள்பக்கம் கீறல் இருந்தா மட்டும் விட்டுடுங்க. அந்தக் கீறல் ஒவ்வொரு கூட்டிலும் விழும்.

தராசு விஷயத்துல நான் அடிபட்டவன். ஒரு வீட்டு வாசல் விற்பனையில், காலமான கணவரோட செட்டை அந்தம்மா மொத்தமா குடுத்தாங்க. தராசு பார்க்க புதுசு மாதிரி இருந்தது. கூட வந்த நண்பர் சோதனை எடைக்கல்லை வெச்சுப் பார்த்தார், அரை கிரெயின் குறைச்சுக் காட்டுச்சு. ஒரு கிரெயின்கறதே 0.065 கிராம்தான். ஆனா கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் போடற மருந்தே சில கிரெயின்தான். அங்க அரை கிரெயின் கூடினா அழுத்தம் எங்கேயோ போயிடும். அதனால எடைக்கல் செட் இல்லாமல் பழைய தராசை நம்பாதீங்க.

அதே பெட்டியில் பாதி காலியான மருந்து டப்பாவும் இருந்தது. லேபிள் அழகா இருந்தது. ஆனா உள்ளே இருக்கறது அதுதான்னு யார் சொல்றது? வேகமா எரியற மருந்தும் மெதுவா எரியறதும் கண்ணுக்கு ஒரே கறுப்புத் துகள். தப்பான மருந்து போட்டா துப்பாக்கி முகத்துக்கு முன்னாடியே வெடிக்கும். திறந்த மருந்து, அடுத்தவர் செஞ்ச தோட்டா, இரண்டும் இலவசமா வந்தாலும் வேண்டாம்.

கூடு சுத்தம் பண்ற டம்ளர் வாங்கினா, உள்ளே இருக்கற பழைய தூளைக் கைபடாம அப்புறப்படுத்துங்க. அதில் ஈயத்தூசு இருக்கும். வீட்ல குழந்தை இருந்தா இன்னும் கவனம்.

கடைசியா, மிச்சம் பிடிச்ச காசுல இரண்டு பொருள் புதுசா வாங்குங்க: இப்போதைய ரீலோடிங் கையேடு, கண்ணுக்குக் கண்ணாடி. முதல் ஐம்பது தோட்டாவை அனுபவம் உள்ள ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது செய்யுங்க.

தம்பி அந்த செட்டை வாங்கல. "கார்டு வரட்டும் அண்ணா, பார்த்துக்கலாம்"னார். அது சரியான முடிவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.