கிணற்றடியில் கேட்ட தண்ணீர்
(பங்கின் ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



நண்பகலில் தனியே தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணை நாம் அறிவோம். இனத்தால் ஒதுக்கப்பட்டவள், பெண், வாழ்வு குலைந்தவள். ஆண்டவர் எடுத்தவுடன் அவளுக்குப் போதிக்கவில்லை. அவள் கையால் தண்ணீர் கேட்டார். குணம் அங்கே தொடங்கியது.

கடலூர், சிதம்பரம் வட்டாரக் காலனிகளில் வாழும் நம் சகோதரியை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு அவள் தலித். 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படியோ, கிறிஸ்தவள் என்பதால் பட்டியல் சாதி உரிமை இல்லை. கோவிலிலும் சாதி பார்க்கிறோம். வீட்டில் பெண் என்ற பாரம் வேறு. தூக்கமிழந்து, "நெஞ்சை அடைக்குது, காத்து கருப்பு பட்டுடுச்சு" என்கிறாள். பேய் என்று விரட்டுவதும் தவறு. அறியாமை என்று நகைப்பதும் தவறு.

மருந்து தேவைதான். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஆனால் அவமதிப்பின் புண்ணை மாத்திரை மட்டும் ஆற்றாது. அவள் பாரங்களைப் பிரித்துப் பார்க்காமல், அவள் கதையை அவள் சொல்லிலேயே கேட்கும் செவி வேண்டும்.

ஜூபிலி விடுதலையின் ஆண்டு. இந்த ஆண்டிலாவது, அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் கேட்டுக் குடிப்போமா?

மரியே வாழ்க!