கைக்குழந்தையோடு கப்பலில்

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கோர்டிலியா சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். விமானம் ஏறி மும்பை போகாமலே கப்பல் ஏறலாம் என்றானதும், செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஆசை வரத்தான் செய்யும். நடை பழகும் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

இரண்டு வயதுக்குள் கடல் குமட்டல் வருவது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். ஆக, வாந்திக்குப் பயப்பட வேண்டியது அக்காவுக்கோ அண்ணனுக்கோதான். சின்னதுக்குச் சிக்கல் வேறு. தரையில் கை ஊன்றும், கைப்பிடிக் கம்பியைத் தடவும், அதே விரலை வாயில் வைக்கும். கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு அது போதும். சானிடைசர் அதற்குச் சரிப்படாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டயப்பர் போடும் பிள்ளையைப் பல கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறங்க விடுவதில்லை. இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

அதற்கும் முன்னால், முட்டுக்காடு படகுத் துறைக்கோ முதலியார்குப்பத்துக்கோ ஒருமுறை போய் வாருங்கள். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருந்தால் மட்டும் ஏறுங்கள். அங்கே கடல் அலை இல்லைதான். ஆனாலும் பிள்ளை மடியில் எவ்வளவு நேரம் அடங்கி உட்காரும் என்று தெரிந்துவிடும்.

கப்பல்தான் என்று முடிவானால், இரண்டு இரவுப் பயணம் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். வங்கக் கடலில் அது புயல் காலம். பெரியவர்களுக்கான வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், குழந்தை மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.